காற்றுக்கூழா, காற்றுக்களியா?

தருமபுரியில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சி. 'புரதம் பிரிக்கும் நுண்ணிழைக் காற்றுக்கூழ்' என்று அட்டை தொங்கியது. உள்ளே காற்று நிறைந்த வலை போன்ற திடப்பொருள்தான் ஏரோஜெல். அதற்கு இந்தப் பெயரைப் பார்ப்பது எத்தனையாவது தடவையோ! கேழ்வரகு விளையும் ஊரிலுமா?

ஏரோ என்றால் கிரேக்கத்தில் காற்று. ஜெல், ஜெலட்டினிலிருந்து வந்தது. அதன் லத்தீன் வேருக்கு உறைதல் என்று பொருள். 1931இல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்கர் ஜெல்லுக்குள் இருந்த நீர்மத்தை எடுத்துவிட்டு, அதைத் தாங்கியிருந்த வலை சரியாமல் காற்றை இருத்தினார். வரலாறு அவ்வளவுதான்.

கூழுக்கு வருவோம். கூழைக் காய்ச்சுகிறோம், ஊற்றுகிறோம், குடிக்கிறோம். களியைக் கிண்டுகிறோம், உருட்டுகிறோம், விண்டு குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். மாவும் தண்ணீரும் ஒன்றுதான். ஆனால் களி உருண்டை தட்டில் வைத்த இடத்தில் நிற்கும், கூழ் ஓடும். ஜெல்லின் இலக்கணமே அந்த நிற்பதுதான்: உள்ளே பெரும்பகுதி நீர்மம், ஆனாலும் ஒழுகாது. ஒரு பொருளின் மிகச்சிறு துகள்கள் இன்னொன்றில் பரவி நிற்கும் கலவையான கொலாய்டுக்குக் கூழ்மம் என்று பாடநூலில் இருப்பதைப் பார்த்து, அந்தக் குடும்பத்துப் பிள்ளையான ஜெல்லையும் கூழாகக் கரைத்துவிட்டார்கள்போல. அடுப்படிப் பக்கம் போகாதவர்கள் செய்யும் மொழிபெயர்ப்பு இப்படித்தான் இருக்கும்.

'களி என்றால் ஜெயில் சாப்பாடு நினைவுக்கு வருமே' என்றார் நண்பர் ஒருவர். கிருஷ்ணகிரிப் பக்கம் வந்து சொல்லிப் பாருங்கள் சார் என்றேன். காய்ந்த பொருளைக் களி என்பதா என்று கேட்டால், சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயில் நார்க்கூடு மட்டும் மிஞ்சினாலும் அதற்குப் பீர்க்கின் பெயர் போவதில்லையே. வளிக்களி வேண்டாம், நாக்கு இடறும். காற்றுக்களி போதும். ஏரோஜெல் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை.

அப்புறம் அந்த 'நுண்ணிழை'. நுண் என்பது மைக்ரோவுக்கு ஆகிவிட்டது. நானோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நானோ இழை என்றே இருக்கட்டும்.

இனி அட்டையில் இருந்த 'புரதம் பிரிக்கும்' வேலை. கரைசலிலிருந்து புரதத்தைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் பிசின் மணிகளில் புரதம் சிறு துளைக்குள் ஊர்ந்து போக நேரமாகும். நானோ இழைக் காற்றுக்களியின் பெரிய துளைகளில் கரைசலின் ஓட்டமே அதை இழைவரை கொண்டு சேர்க்கும். இழையில் மின்சுமை ஏற்றியிருந்தால் எதிர்ச்சுமையுள்ள புரதம் ஒட்டிக்கொள்ளும், மற்றவை வெளியேறும். பிறகு உப்புநீர் விட்டால் ஒட்டியது கழன்று வரும். இத்தனை ஊற்றியும் கரையாமல் நிற்கிற பொருளுக்குப் பெயர் கூழாம்!