தக்கைப்பூண்டு பூக்கும்போதே மடக்கி உழுங்கள்

தக்கைப்பூண்டு, பச்சையாகவே மடக்கி உழுது வயலுக்கு உரமாக்கும் பசுந்தாள் உரச் செடி. கடைமடைப் பகுதியில் ஒரு பெரியவர் அதை விதைத்திருந்தார். சம்பா நட்டுப் பதினைந்து நாளில் போன் செய்தார். "தக்கைப்பூண்டு ஆளுயரத்துக்கு வளர்ந்தப்புறம் உழுதேன் சார், பயிர் மஞ்சளடிச்சு நிக்குது."

போய்ப் பார்த்தேன். வயலில் கால் வைத்ததுமே புரிந்துவிட்டது. சேற்றுக்குள் விரல் தடிமனில் தண்டுகள், மக்காமல் அப்படியே கிடந்தன. வாய்க்காலில் தண்ணீர் வரத் தாமதமானதால் எண்பது நாள் விட்டிருக்கிறார். ரோட்டவேட்டரில் நார் சுற்றி இரண்டு முறை வண்டியை நிறுத்தினார்களாம்.

பசுந்தாள் உரத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். உயரமாக வளர்ந்தால் சத்து அதிகம் என்று நினைக்கிறோம். பூத்து முடிந்ததும் தண்டு நாராகிவிடும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். மண்ணில் இருப்பதை முதலில் அவை எடுத்துக்கொள்ளும். நட்ட நாற்று பட்டினி கிடக்கும். பிறகு யூரியா தூவ வேண்டியதுதான். மிச்சம் பிடிக்கத்தானே தக்கைப்பூண்டு விதைத்தோம்?

விதைத்த 45 நாளில், பூ எட்டிப் பார்க்கும்போது தண்டை வளைத்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் சரியான பருவம். நார் உரிந்து தொங்கினால் தாமதம்தான். அப்போது தண்டை அறுத்து வரப்பில் போட்டுவிட்டு, மேலே உள்ள இளந்தழையை மட்டும் மிதித்துவிடலாம்.

அதனால் நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மக்குவதற்குப் பத்து நாள், வளர 45 நாள். நடவுக்கு 55 நாள் முன்னால் ஏக்கருக்கு 20 கிலோ விதை போட்டால் போதும். கோடை மழை பெய்ததே என்று அவசரப்பட்டு விதைத்தால் பெரியவர் கதைதான்.

நன்றாக வந்த வயலில் ஏக்கருக்கு எட்டு டன் பசுந்தழை கிடைக்கும். அதில் சுமார் 40 கிலோ தழைச்சத்து, கிட்டத்தட்ட இரண்டு மூட்டை யூரியாவில் உள்ள அளவு. அத்தனையும் இந்தப் பயிருக்கே கிடைத்துவிடாது, கொஞ்சம் அடுத்த போகத்துக்கும் போகும். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். இதில் பெரும்பகுதி அப்படி வந்ததா என்று வேர் சொல்லும். முப்பதாவது நாளில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. முடிச்சே இல்லையென்றால், அடுத்த முறை விதையை ஆறிய கஞ்சியில் ரைசோபியம் (அந்த முடிச்சு பாக்டீரியா) கலந்து பிசறி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

தக்கைப்பூண்டு உவர் நிலத்திலும் வரும், தண்ணீர் நின்றாலும் தாங்கும். இன்னொரு பசுந்தாள் செடியான சணப்பைக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது, மேட்டு நிலத்துக்குத்தான் அது.

ஊரில் ஆடு மாடு அவிழ்த்து விடுகிறார்கள் என்றால் கொளுஞ்சி என்ற பசுந்தாள் செடியைப் போடுங்கள், அதில் அவை வாய் வைக்காது. விதைத்தோல் கெட்டி, மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்காவிட்டால் பாதிகூட முளைக்காது.