தேக்காவுக்குப் பக்கத்தில்தான் வீடு வேண்டுமா?

சிங்கப்பூரில் வேலை உறுதியான கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஒரு செய்தி வந்துவிடும். "லிட்டில் இந்தியா பக்கத்துல ரூம் வேணும், ஒரு வருஷத்துக்கு. அட்வான்ஸ் இன்னிக்கே அனுப்பிடறேன்." ஆபீஸ் எங்கே என்று கேட்டால், "சாங்கி பிசினஸ் பார்க்." அது தீவின் கிழக்குக் கோடியில், எக்ஸ்போ ரயில் நிலையத்துக்குப் பக்கம். இந்த மாதம் இப்படிக் கேட்டவர்களில் இவர் நான்காவது ஆள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. வீடு பிடித்துக் கொடுப்பதே என் தொழில் என்றாலும், பொதுவில் எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்தத் தேக்கா மயக்கம் (லிட்டில் இந்தியாவுக்கு இங்கே அதுதான் பேச்சுப் பெயர்). "சிங்கப்பூர் சின்ன ஊர், நடுவுல இருந்தா எங்க வேணும்னாலும் போயிடலாம்" என்கிறார்கள். ரயில் வரைபடத்தை விரித்து, "லிட்டில் இந்தியாவும் டௌன்டவுன் லைன், எக்ஸ்போவும் டௌன்டவுன் லைன், மாறவே வேண்டாம்" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். மாற வேண்டாம்தான். ஆனால் அந்த லைன் எப்படிப் போகிறது என்று பார்த்தீர்களா? லிட்டில் இந்தியாவில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரோமனாட், பேஃபிரண்ட், டௌன்டவுன், தெலுக் ஆயர், சைனாடவுன், ஃபோர்ட் கேனிங், பென்கூலன் என்று நகரை ஒரு வளையம் சுற்றிவிட்டு ஜாலான் புசார் வந்து சேரும். பத்தாவது நிறுத்தம். ரோச்சோர் நிலையத்துக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே தரையில் சில நிமிட நடைதான்; ரயிலில் ஒன்பது நிறுத்தம். முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி அந்த லைன் தன்னையே குறுக்கே வெட்டிப் போகிறது. எக்ஸ்போ வருவதற்குள் 23 நிறுத்தம் ஆகியிருக்கும். அதே லைனில் கிழக்கே இருக்கும் தெம்பனிஸில் ஏறியிருந்தால்? தெம்பனிஸ் ஈஸ்ட், அப்பர் சாங்கி, எக்ஸ்போ. மூன்றே நிறுத்தம்.

தேக்கா சந்தைக்கு வாரம் ஒருநாள் போவீர்கள். அலுவலகத்துக்கு ஐந்து நாள் போவீர்கள். எதன் பக்கத்தில் இருக்க வேண்டும்? கறிவேப்பிலையும் இட்லி மாவும் இன்று பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டைகளிலேயே கிடைக்கின்றன. கோயில்தான் காரணம் என்றால் செங்காங்கில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் இருக்கிறார், ஈசூனில் பாலசுப்பிரமணியர் இருக்கிறார், காத்தோங் பக்கம் செண்பக விநாயகர் இருக்கிறார். அந்தந்தப் பேட்டைக்காரர்கள் கும்பிடாமலா இருக்கிறார்கள்?

ஒன்-நார்த்தில் வேலை என்றால் கிளமெண்டி, டோவர், காமன்வெல்த் பக்கம் தேடுங்கள். புவன விஸ்தாவில் மாறினால் அடுத்த நிறுத்தமே ஒன்-நார்த். குவீன்ஸ்டவுனும் பார்க்கலாம், ஆனால் வாடகை ஏறும். நகர நடுவில் ஷென்டன் வே என்றால் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் லைன் நெடுகப் பாருங்கள். 2024 ஜூனில் மரீன் பரேட் பக்கமும் அது திறந்த பிறகு முன்பு பஸ்ஸை மட்டும் நம்பியிருந்த இடங்களெல்லாம் கணக்குக்குள் வந்துவிட்டன. ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ஈசூனிலிருந்து மாறாமல் போகலாம், ஆனால் 13 நிறுத்தம், காலையில் நின்றுகொண்டே. வாடகையில் மிச்சமாகும் பணத்துக்கு அது தகுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், சிலருக்குத் தகும்.

"எம்ஆர்டிக்கு 5 நிமிடம்" என்ற விளம்பர வரியை (எம்ஆர்டி என்பது பெருவிரைவு ரயில்) அப்படியே விழுங்காதீர்கள். நடந்து 5 நிமிடமா, பஸ்ஸிலா? செங்காங், பொங்கோல், புக்கிட் பாஞ்சாங் பக்கம் பல விளம்பரங்களில் எம்ஆர்டி என்று சொல்வது எல்ஆர்டியை, பேட்டைக்குள் சுற்றும் சிறு ரயிலைத்தான். அதில் ஏறி, அப்புறம் எம்ஆர்டிக்கு மாற வேண்டும். புளோக் (கட்டட) எண்ணை வாங்கி ஒன்மேப் வரைபடத் தளத்தில் போட்டு நடைதூரம் பாருங்கள். சுமார் 400 மீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் கூரை போட்ட நடைபாதையிலேயே நிலையம் வரை போய்விடலாம். அதைத் தாண்டினால் மழைக்காலத்தில் அலுவலகத்துக்கு ஈரச் சட்டையோடு போவீர்கள். கையெழுத்துப் போடுமுன் ஒரு செவ்வாயோ புதனோ காலை எட்டு மணிக்கு அந்த புளோக்கின் கீழே நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அலுவலக வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு "20 நிமிஷம்தான் ஆச்சு" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

அறை பார்க்கும்போது: நான்கறை வீடு என்றால் நான்கு படுக்கையறை இல்லை, கூடத்தையும் சேர்த்துத்தான் நான்கு, படுக்கையறை மூன்று. மேற்கு பார்த்த ஜன்னல் என்றால் மாலையில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். உயரப் பாலத்தில் ரயில் ஓடும் பேட்டைகளில் தண்டவாளம் பார்த்த அறை வேண்டாம். கீழே கோப்பிக்கடை இருந்தால் இரண்டாம் மாடி வேண்டாம். ஹவ்காங் பக்கம் பாய லேபார் விமானத்தளத்தின் சத்தம் உண்டு, பகலில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம்மவர்கள் சண்டை போட்டு வெளியேறும் இடம்: அடுப்பு. "லைட் குக்கிங் ஓகே" என்று உரிமையாளர் சொன்னால் அவர் மனதில் இருப்பது நூடுல்ஸும் முட்டையும். உங்கள் மனதில் இருப்பது கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்ட சாம்பார். இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்காது. வாரத்தில் எத்தனை நாள், காஸ் அடுப்பா மின்னடுப்பா, எண்ணெயில் தாளிக்கலாமா, குளிர்சாதனப் பெட்டியில் எந்தத் தட்டு உங்களுக்கு என்பதையெல்லாம் வெட்கப்படாமல் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஏர்கான் இரவு 9 முதல் காலை 7 வரைதானா, சலவை வாரத்துக்கு எத்தனை முறை என்பதும் அப்படியே. வாய்ச்சொல்லை நம்பி வந்துவிட்டு மூன்றாம் வாரம் எனக்கு போன் செய்தால் நான் என்ன செய்ய முடியும்?

இனி சட்டம். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. தனியார் வீடென்றால் குறைந்தது மூன்று மாதம். "ஒரு மாசம் மட்டும் தங்கிக்கோங்க, யாருக்கும் சொல்லாதீங்க" என்கிற வீவக அறையில் மாட்டினால் உரிமையாளருக்கு மட்டுமல்ல, உங்கள் தலைக்கும் கூரை போகும். வாடகைக்கு விட வீவகவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, உங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் வேலை அனுமதி பாஸ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கழகம் கட்டிக் கொடுத்த படுக்கையறையைத்தான் அறையாக வாடகைக்கு விடலாம். கூடத்தில் பலகை அடித்துத் தடுத்ததெல்லாம் அறை இல்லை. அறை வாடகை என்றால் உரிமையாளரும் அந்த வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். ஒரு அறையைப் பூட்டி வைத்துவிட்டு முழு வீட்டையும் விடுவது பழைய தந்திரம், பிடிபடுகிற தந்திரம். தலை எண்ணிக்கையையும் கேளுங்கள்: உறவில்லாதவர்கள் சேர்ந்திருக்கும் மூவறை வீட்டில் 6 பேர் வரை, நான்கறையிலும் அதற்கு மேலும் 2024 ஜனவரி முதல் தற்காலிகமாக 8 பேர்.

நண்பர்கள் சேர்ந்து முழு வீவக வீடு எடுக்கிறீர்களா? வெளிநாட்டவருக்கு ஒதுக்கீடு உண்டு: பேட்டையில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால் உரிமையாளர் எவ்வளவு விரும்பினாலும் அனுமதி கிடைக்காது. மலேசியர்களுக்கு இது பொருந்தாது. பணம் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், பிறகு அல்ல.

பணம். தம்பி, தங்கை, கெஞ்சிக் கேட்கிறேன்: பார்க்காத வீட்டுக்கு ஒரு வெள்ளியும் (டாலரும்) அனுப்பாதீர்கள். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறாங்க, பேநவ்ல பணம் அனுப்பினா உங்களுக்கு" என்று அவசரப்படுத்துகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். முகவர்களின் பதிவேடு, சொத்து முகவர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான சிஇஏவின் இணையத்தளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பெயரும் எண்ணும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஏமாற்றுக்காரர்கள் உண்மையான முகவரின் அட்டையையே அனுப்புவார்கள். உங்களோடு பேசும் தொலைபேசி எண் பதிவேட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள். வீவக வாடகையில் முகவர் உங்கள் பணத்தைக் கையில் தொடவே கூடாது. முன்பணமும் வாடகையும் நேராக உரிமையாளருக்கு. ஒரே முகவர் இரு தரப்புக்கும் நின்று கமிஷன் வாங்குவதும் கூடாது. (எங்கள் ஆட்களிலேயே இதை மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.) சந்தேகம் வந்தால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.

ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகை முன்பணம் என்பது வழக்கம். முத்திரைத் தீர்வை வாடகைக்காரர் தலையில்: மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, கையெழுத்தான 14 நாளுக்குள். மாதம் 1,100 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 13,200, தீர்வை 52 வெள்ளி. இதை மிச்சம் பிடிக்காதீர்கள். முத்திரையில்லாத ஒப்பந்தம் வழக்கு என்று வந்தால் சாட்சியாக நிற்காது. ஈராண்டு ஒப்பந்தத்தில் டிப்ளமேடிக் கிளாஸ் கேளுங்கள்: வேலை போய்ச் சிங்கப்பூரை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், 12 மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத அறிவிப்பில் விலகலாம் என்பது வழக்கமான வாசகம். ஓராண்டு ஒப்பந்தத்தில் அது தானாக வராது, கேட்டால்தான் சிலர் தருவார்கள்.

குடியேறும் நாளில் சுவர், மெத்தை, குளியலறை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறுகளை ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் (சிறு வழக்குத் தீர்ப்பாயம்) எடுக்கும், 20,000 வெள்ளி வரை, வக்கீல் இல்லாமல்.

முதல் இரண்டு வாரத்துக்கு ஹோட்டலோ ஹாஸ்டலோ எடுங்கள், நிறுவனம் இடம் தருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். செலவுதான், தெரியும். வந்து இறங்கிய பிறகு முகவருக்கு அனுப்பும் செய்தியில் இவ்வளவு இருக்கட்டும்: அலுவலகக் கட்டடத்தின் பெயர், வேலை நேரம், வாரத்தில் எத்தனை நாள் நேரில் போக வேண்டும், சமைப்பீர்களா, பாஸ் முடியும் தேதி, மாதம் எவ்வளவு கொடுக்க முடியும். லிட்டில் இந்தியா என்று எழுத வேண்டாம்.