இரண்டு படங்களை அருகருகே வைத்தால் ஏரி காணாமற்போய்விடுமா?

கோடை தொடங்கியதும், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறையில் இருப்பவர்களைத் தேடி ஒரே வகையான செயற்கைக்கோள் படங்கள் வரத் தொடங்கிவிடும். இடப்பக்கம் நீர் நிறைந்த ஓர் ஏரி. வலப்பக்கம் அதே இடம் வெளிறிய மண்ணாக. மேலே சிவப்பு எழுத்தில் 'ஏரியைக் காணவில்லை'. அண்மையில் சென்னைப் புறநகரிலிருந்து ஒரு குடியிருப்போர் சங்கத்தினர் கொண்டுவந்ததும் அப்படிப்பட்டதுதான். முதல் படம் ஜனவரியில் எடுக்கப்பட்டது, இரண்டாவது ஜூனில். அவர்களுடைய மனு, 'இது கோடையில் வற்றும் ஏரி' என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடித்துவைக்கப்பட்டுவிட்டது. இதில் வருத்தம் என்னவென்றால், அந்த ஏரியின் ஒரு மூலையில் ஆக்கிரமிப்பு உண்மையிலேயே நடந்திருக்கிறது. கட்டடக் கழிவைக் கொட்டி மேடாக்கியிருப்பது, பல ஆண்டுகளின் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. பொருந்தாத சான்றை முன்வைத்ததால் நியாயமான புகாரும் சேர்ந்து தோற்றது. இப்படிப்பட்ட மனுக்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில், செல்பேசியில் தெரியும் செயற்கைக்கோள் படம் நேரலை அன்று. எத்தனை முறை சொன்னாலும் 'நேற்று இரவு மேப்பில் பார்த்தேன் சார், தண்ணீரே இல்லை' என்று சொல்பவர்கள் குறையவில்லை. தொலைக்காட்சியில் மேகங்கள் நகர்வதைக் காட்டுகிறார்களே, அதுபோல இதுவும் வந்துகொண்டே இருக்கும் என்று நினைக்கிறார்கள். மேகப் படத்தை அனுப்பும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பவை. அவற்றால் அடிக்கடி படம் எடுக்க முடியும், ஆனால் அவற்றின் மிகக் கூர்மையான படத்திலும் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச்சிறிய கட்டம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலம் இருக்கும். நிலத்தை நுணுக்கமாகக் காட்டும் லேண்ட்சாட், சென்டினல்-2 போன்றவை 700 முதல் 800 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருபவை. ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்கு மேலே திரும்பி வர 16 நாள் ஆகும். இரண்டு சென்டினல்-2 சேர்ந்தால் 5 நாள். அதுவும் காலை பத்து, பத்தரை மணியளவில்தான் கடக்கும். அந்த நேரத்தில் மேகம் மூடியிருந்தால் அன்றைய படம் பயனற்றது. வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஏரிகள் நிரம்புகிற நாட்களிலேயே, நல்ல படம் கிடைப்பது அரிது. கூகுள் மேப்பில் வீட்டுக் கூரை தெரியுமளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது இவை எவற்றின் படமும் அன்று. பெரும்பாலும் தனியார் செயற்கைக்கோள்களும் விமானங்களும் பல மாதங்களுக்கோ சில ஆண்டுகளுக்கோ முன் எடுத்தவற்றை ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. ஏரியின் வடகரை ஒரு தேதியிலும் தென்கரை வேறொரு தேதியிலும் எடுக்கப்பட்டிருக்கலாம்.

மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் உண்டு. ஆனால் ஆகாயத்தாமரை மண்டிய ஏரி அவற்றில் நிலம்போலத் தோன்றும். விமான ஓடுபாதை நீர்போலத் தோன்றும். பழகியவர் துணையில்லாமல் அவற்றைப் படிக்க முயல வேண்டாம். (லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே மாத இறுதியிலிருந்து விழுந்த கறுப்புக் கோடுகள் அதன் கருவிக் கோளாறால் வந்தவை, அவற்றை 'வாய்க்கால் வெட்டுகிறார்கள்' என்று அம்புக்குறி போட்டு அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.)

'அப்படியானால் ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிடுகிறோம்' என்பார்கள். அதுவும் போதாது. 2015 இறுதியில் பெருமழை பெய்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2016 ஜனவரிப் படத்தையும் 2017 ஜனவரிப் படத்தையும் அருகருகே வைத்தால், ஒரு பிடி மண்கூட அள்ளப்படாத கண்மாயும் அழிந்துபோனதாகத்தான் தோன்றும். 2019 கோடையில் புழல் ஏரி வறண்ட படங்கள் உலகமெங்கும் பரவின. பின்னர் மழை பெய்ததும் ஏரி நிரம்பியது. வற்றிய ஏரி வேறு, இழந்த ஏரி வேறு. ஓர் ஏரியின் பரப்பு குறைந்துவிட்டது என்று நிறுவ வேண்டுமானால், மிக நன்றாக மழை பெய்த ஆண்டில்கூட அந்த இடத்தில் நீர் நிற்கவில்லை என்பதைக் காட்டுங்கள். முன்பு நிறைந்த ஆண்டுகளில் நீர் நின்ற இடம், பின்வந்த நிறைந்த ஆண்டுகளில் எந்தப் பருவத்திலும் கூரையாகவோ கான்கிரீட்டாகவோ தெரிந்தால், அதற்கு எந்த அலுவலகத்திலும் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம், 1984 முதலான லேண்ட்சாட் படங்களைக் கொண்டு எந்தெந்த இடத்தில் எவ்வளவு அடிக்கடி நீர் நின்றது என்ற வரைபடத்தை இலவசமாகவே வைத்திருக்கிறது.

மனை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடைப் படத்தில் மேட்டுநிலமாகத் தெரிவதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட சதுரம். அதற்குள் ஏறத்தாழ நான்கு கிரவுண்டு அடங்கிவிடும். உங்கள் அரை கிரவுண்டு மனையின் எல்லையை அதில் தேடுவது வீண். கூர்மையான படமானாலும் சில மீட்டர் விலகியிருப்பது உண்டு. எல்லையைப் புலப்படம் என்ற நில அளவை வரைபடமும், பரப்பையும் நிலவகையையும் அ-பதிவேடு என்ற வருவாய்த் துறைப் பதிவேடும்தான் சொல்லும். அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்பதைப் படம் சொல்லும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்கக் கூடாது.

இதே குழப்பம் காடுகள் விஷயத்தில் தலைகீழாக நடக்கிறது. படத்தில் பச்சை கூடினால் மகிழ்ந்துவிடுகிறோம். இராமநாதபுரத்துக் கண்மாய்களுக்குள் சீமைக் கருவேலம் படர்ந்தாலும் பச்சை கூடத்தான் செய்யும். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே இயற்கையான புல்வெளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவற்றின் இடத்தில் பெரும்பாலும் வந்தவை வாட்டில், பைன், யூகலிப்டஸ் ஆகிய மரங்களும் விவசாயமும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அங்கே மரம் பெருகியது மட்டுமே தெரியும். இந்திய வன அளவைத் துறையின் வரையறையோ, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை (மேலிருந்து பார்க்கையில் மரங்களின் கிளையும் இலையும் மூடியிருக்கும் பரப்பு) 10 சதவீதம் இருந்தாலே, நிலம் யாருடையது, மரம் எது என்று பாராமல் அதை வனப்பரப்பில் சேர்த்துவிடுகிறது. 2021 அறிக்கையில் தமிழ்நாட்டுக்குத் தரப்பட்டுள்ள 26,419 சதுர கிலோமீட்டருக்குள் தோப்புகளும் அடங்கும். அது பொய்க்கணக்கு அன்று, வரையறை அப்படி. ஆனால் அந்த எண்ணை மேடையில் 'காடு வளர்ந்துவிட்டது' என்று படிப்பவர்கள் வரையறையையும் சேர்த்துப் படித்தால் நல்லது.

ஆகவே மனு எழுதுபவர்களை மன்றாடிக் கேட்கிறேன். எடுக்கப்பட்ட தேதியும், எந்தச் செயற்கைக்கோள் என்பதும் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை இணைக்காதீர்கள். இரண்டு படத்தோடு நிறுத்தாமல், வறண்ட ஆண்டும் நிறைந்த ஆண்டும் கலந்த ஒரு வரிசையைக் கொடுங்கள். அந்த ஆண்டுகளின் மழையளவையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். உபரிநீர் வழியும் கலங்கல் எங்கே இருக்கிறது, மதகு திறக்கிறதா, கழிவு எந்த சர்வே எண்ணில் கொட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தேதியும் இடக்குறியும் பதிவாகும்படி செல்பேசியில் படமெடுத்து வாருங்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தையும் கரையிலிருந்து எடுத்த படத்தையும் ஒரே சர்வே எண்ணின் கீழ் வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புகைச் சீட்டுடன் கொடுங்கள்.