தளம் அமுங்கினால் மேலே மேட் ஒட்டாதீர்கள்

போன மாதம் 28 அடி ஃபைபர் படகு ஒன்று பட்டறைக்கு வந்தது. "தளத்துல ஒரே ஒரு எடம்தான் அமுங்குதுண்ணே. மேல ரெண்டு மேட் போட்டுக் குடுத்துருங்க, திங்கக்கிழமை கடலுக்குப் போவணும்" என்றார் படகுக்காரத் தம்பி. ரெசின் என்ற பசையைப் பூசி ஒட்டும் கண்ணாடி இழை விரிப்புதான் மேட். அந்த இடத்தில் குதிகாலை ஊன்றினேன். பக்கத்தில் இருந்த ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி, காப்பி நிறத்தில் தண்ணீர் ஊறி வெளியே வந்தது. திங்கட்கிழமை நடக்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. மரத்தில் உளுப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஃபைபர் படகில் அப்படி இல்லை. பல படகுகளில் தளத்துக்குப் பிளைவுட்டும், அதற்கு அடியில் அணியத்திலிருந்து (முன்பக்கம்) அமரம் (பின்பக்கம்) வரை நீளமாக ஓடும் கட்டைகளும் ஃபைபர் உறைக்குள் புதைந்திருக்கும். அந்தக் கட்டையைப் பட்டறையில் ஸ்ட்ரிங்கர் என்போம். அலை அடிக்கும்போது அடிப்பாகம் வளையாமல் தாங்குவது அதுதான். உறை பளபளவென்று இருக்கும்போதே உள்ளே கட்டை செத்திருக்கும்.

கடல் தண்ணீர்தான் அழுக வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மழைத் தண்ணீர்தான் பெரிய எதிரி. மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. உப்பு அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், நல்ல தண்ணீர் வளர்த்துவிடும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் அதற்குப் போதும். தண்ணீர் இறங்கும் வழியை நாமேதான் போட்டுக் கொடுக்கிறோம்: டேங்க் நகராமல் இருக்க ஒரு ஸ்க்ரூ, கயிறு கட்ட ஒரு கொக்கி, பலகை வைக்க நாலு ஆணி. உறைக்குள் போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது.

சந்தேகம் இருந்தால் சுத்தியல் பிடியால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டங்'கென்று பேசும், செத்த இடம் 'பொத்'தென்று விழும். அங்கே மேலிருந்து சின்னதாக ஒரு துளை போட்டால் டிரில்லில் வரும் தூளே சொல்லிவிடும். உலர்ந்து வெளிறி வந்தால் நல்லது. கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் தளத்தைத் திறக்கத்தான் வேண்டும்.

அந்தப் படகை அப்படித்தான் திறந்தோம். ஸ்ட்ரிங்கரின் உறையை மேலே கீறிக் கையை விட்டேன். ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி கட்டை கைப்பிடி கைப்பிடியாக வந்தது. தம்பி கையிலும் கொஞ்சம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் திங்கட்கிழமைப் பேச்சை எடுக்கவில்லை.

வெட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படகின் அடிக்குப் பல இடங்களில் ஆப்பு கொடுத்து, ஏறுமாறு இல்லாமல் நிறுத்துங்கள். கட்டையின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டையையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் அடிப்பாகம் தொய்ந்துவிடும். அந்தத் தொய்விலேயே புதுக் கட்டையை ஒட்டினால் படகின் உருவம் நிரந்தரமாக மாறிப்போகும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். தளத்துக்கு அடியில் ஃபோம் இருந்தால் பிழிந்து பாருங்கள், தண்ணீர் குடித்திருந்தால் அதுவும் வெளியே போக வேண்டும். அந்த இடத்தில் தெர்மாகோலை வைத்து நேராக மேலே ரெசின் ஊற்றாதீர்கள். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

அப்புறம் காய வைப்பது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. பிடித்த மாதிரி காட்டிவிட்டுக் கடலில் உரியும். பழைய ஃபைபரைக் கிரைண்டரால் சுத்தமாகத் தேய்த்த பிறகுதான் புது மேட். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளை. வெட்டிய ஓரங்களுக்கும் சேர்த்து எல்லாப் பக்கமும் ரெசின் குடிக்கக் கொடுங்கள். கட்டையை அடிப்பாகத்தில் நேராக முட்ட விடாமல், ரெசினில் பொடி குழைத்த புட்டியின் மேல் உட்கார வையுங்கள். முட்டினால் அந்த ஒரே கோட்டில் அழுத்தம் விழுந்து அடியில் கீறல் வரும். கூர்மையான மூலையில் மேட் மடியாது, அடியில் காற்று நின்றுவிடும். அதனால் மூலையைப் புட்டியால் உருட்டிவிட்டு, ஒவ்வொரு அடுக்கையும் முந்தியதைவிட அகலமாகப் போடுங்கள். தண்ணீர் ஓடும் துளைகளில் பிவிசி குழாய்த் துண்டை வைத்துச் சுற்றி ஃபைபர் போட்டுவிட்டால் அந்த வழியாகக் கட்டைக்கு ஈரம் ஏறாது.

வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேராகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் ஹார்டனர். ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 கிராம், அளந்து ஊற்றுங்கள். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஹார்டனரை ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பட்டறைக்குக் குழந்தைகளும் வருகிறார்கள்.

அந்தப் படகு மூன்று வாரம் கழித்துத் தயாரானது. இறக்குவதற்கு முதல் நாள் தம்பி கையில் டிரில்லும் ஒரு கொக்கியுமாக வந்து நின்றார். டிரில்லை வாங்கி, ஸ்க்ரூவைவிடப் பெரிய துளையாக நானே போட்டு, அதில் ரெசின் புட்டியை நிரப்பினேன். "காலையில வா தம்பி, காய்ஞ்சதும் இந்தப் புட்டிக்குள்ளதான் ஸ்க்ரூ ஏறணும், மரத்துல படக்கூடாது" என்று சொல்லி அனுப்பினேன்.