முதல் கைத்துப்பாக்கி ஏன் கனமாகவும் சாதுவாகவும் இருக்க வேண்டும்?

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போனால் ராட்டினத்துக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு பலூன் சுடும் கடை கண்ணில் படும். கடைக்காரர் குழலை மடக்கி, ஈய ரவை ஒன்றை அதன் பின்முனையில் திணித்து, மறுபடி நிமிர்த்திக் கையில் கொடுப்பார். போன முறை என் அக்காள் மகன் ஐந்து ரவைக்கு நான்கு பலூன்களை உடைத்துவிட்டு, துப்பாக்கியை மேசைமீது வைக்கும்போதே முடிவு செய்துவிட்டான். என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளைப் படுத்துச் சுட்டவன் அவன். இனிக் கைத்துப்பாக்கி சுடப் பழக வேண்டும் என்றான். "மாமா, எடுக்கறதுதான் எடுக்கறோம், நல்ல பவராப் பார்த்து எடுத்துடலாமே" என்று அவன் கேட்டதற்கு, பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் நான் சொன்ன பதிலின் விரிவே இக்கட்டுரை. கற்றுக்கொள்பவருக்கு ஏற்ற துப்பாக்கி, அவருடைய தவறுகளைத் தன் சத்தத்தாலும் உதையாலும் மறைக்காத துப்பாக்கியே. அத்தகைய துப்பாக்கி சிறிய தோட்டாவைச் சுடுவதாகவும், அந்தத் தோட்டாவுக்குத் தேவையானதைவிடக் கனமானதாகவும் இருக்கும்.

பாயிண்ட் டூ டூ என்பது குழலின் துளை விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் வழக்கம். மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5.6 ஆகும். இன்று உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் கைத்துப்பாக்கிக்கும் இதே தோட்டாதான். பெரிய தோட்டாக்களின் அடிப்பகுதி நடுவில் தீப்பற்றும் மருந்து அடங்கிய சிறு கிண்ணம் ஒன்று தனியாகப் பதிக்கப்பட்டிருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு வெளிப்பக்கமாக மடிந்து, உள்ளே வளையம் போன்ற ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. தீப்பற்றும் மருந்தை ஈரப்பதத்தில் இட்டு, கூட்டைச் சுழற்றி, அந்தப் பள்ளத்துக்குள் பரப்பி உலர்த்துகிறார்கள். துப்பாக்கியின் சுடும் ஊசி இந்த விளிம்பில் ஓரிடத்தில் அடிக்க, பித்தளை நசுங்கி மருந்து உரசிப் பற்ற, அந்தத் தீ உள்ளிருக்கும் வெடிமருந்துக்குப் பரவுகிறது.

ஊசியின் அடியில் விளிம்பு நசுங்க வேண்டுமானால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு மிக அதிக அழுத்தத்தைத் தாங்காது. அதனால் இத்தோட்டாவின் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு என்ற அளவில் நிற்க, 9 மி.மீ. பாரபெல்லம் என்னும் பெரிய கைத்துப்பாக்கித் தோட்டாவோ 2,300 மடங்கையும் தாண்டுகிறது. தனிக் கிண்ணம் இல்லாததால் செய்வதும் எளிது, விலையும் குறைவு. நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டிய புதியவருக்கு இது சிறிய நன்மையன்று. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மருந்து விளிம்பு முழுவதும் சீராகப் பரவாத தோட்டா எப்போதாவது ஒன்று வந்துவிடும். ஊசி வெற்றிடத்தில் அடித்தால் தோட்டா வெடிக்காது. அப்போது உடனே துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. தீ தாமதமாகப் பரவும் வாய்ப்பு உண்டு என்பதால், குழலை இலக்கின் பக்கமே நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருந்து, பிறகே தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும்.

இனிப் பின்னுதைப்பு. குண்டு முன்னே செல்லும் உந்தமும் துப்பாக்கி பின்னே வரும் உந்தமும் சமம் என்பது பள்ளிப் பாடம். .22 குண்டின் நிறை 2.6 கிராம், கைத்துப்பாக்கியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. 1.1 கிலோ எடையுள்ள போட்டித் துப்பாக்கியில் இதைச் சுட்டால், வெடிவாயுவின் பங்கைச் சேர்க்காமல், துப்பாக்கி நொடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். அதன் ஆற்றல் 0.3 ஜூலுக்கும் குறைவு. கான்பூரில் 2014 முதல் செய்யப்படும் .32 நிர்பீக் ரிவால்வர் ஏறத்தாழ அரைக் கிலோதான். அதில் 6.4 கிராம் குண்டு நொடிக்கு 220 மீட்டர் வேகத்தில் போவதாகக் கொண்டால், பின்னுதைப்பின் ஆற்றல் 2 ஜூல், அதாவது முன்னதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. கைப்பையில் வைத்துக்கொள்ள ஏற்றது என்று அந்த ரிவால்வரின் எடைக்குறைவைப் பெருமையாகச் சொன்னார்கள். அதன் நோக்கத்துக்கு அது பொருத்தம்தான். பழகுகிறவரின் கணக்கு தலைகீழ். உந்தம் மாறாதபோது துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இரண்டு மடங்காகும். ஆகவே சட்டைப்பைக்குள் அடங்கும் .22 துப்பாக்கியும் புதியவருக்கு நல்ல தேர்வன்று. "சின்ன தோட்டா, சின்ன துப்பாக்கி" என்று பொருத்தம் பார்ப்பது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால் பின்னுதைப்பு மணிக்கட்டைச் சுழல்மையமாகக் கொண்டு வாயை மேலே தூக்கும். இந்த எழும்பலைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி துள்ளியதால் குறி தவறியது" என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சாக்கு நிற்பதில்லை. 150 மி.மீ. நீளமுள்ள குழலைக் குண்டு கடக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் துப்பாக்கி பின்னே நகரும் தூரம், நிறைகளின் விகிதப்படி, 0.35 மி.மீ. மட்டுமே. நாம் காணும் துள்ளல் குண்டு போனபின் நடப்பது. உண்மையான தவறு குண்டு கிளம்புவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது: சத்தமும் உதையும் வரப்போகின்றன என்று அறிந்த உடல், ட்ரிகரை இழுக்கும் அதே கணத்தில் கண்ணை மூடி, தோளை இறுக்கி, மணிக்கட்டைக் கீழே அழுத்திவிடுகிறது. (ட்ரிகருக்கு விசை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, ஆனால் பாடத்தில் வரும் விசையோடு குழம்பும் என்பதால் ட்ரிகர் என்றே எழுதுகிறேன்.)

இதை வெளிப்படுத்தப் பயிற்சியாளர்கள் கையாளும் வழி எளிமையானது. சுடுபவருக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்துவிடுவார்கள். அந்தத் தோட்டாவின் முறை வரும்போது சத்தமில்லை, உதையில்லை; ஆனால் துப்பாக்கியின் வாய் மட்டும் சட்டென்று கீழே குத்தும். அதைத் தன் கண்ணாலேயே பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பெரிய தோட்டாவில் தொடங்கியவருக்கு இந்தப் பழக்கம் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும், விலக மாதங்கள் ஆகும். .22-இன் சத்தமும் காதுக்குத் தீங்கானதே. காதடைப்பும் கண்ணாடியும் அணியாமல் ஒரு குண்டும் சுடக் கூடாது.

ட்ரிகரின் எடையைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஒரு கிலோ எடையுள்ள பொருளை நீட்டிய கையில் பிடித்தபடி, ஒற்றை விரலால் நான்கைந்து கிலோ அளவுக்கு அதை இழுத்தால் அது அசையாமல் இருக்குமா? ஊசியை அடிக்கும் சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைக்காமல் சுடும் ரிவால்வர்களில் இதுதான் நடக்கிறது. 25 மீட்டர் போட்டிக்குரிய .22 பிஸ்டலில் ட்ரிகரின் இழுப்பு குறைந்தது 1,000 கிராம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் போதும். புதியவருக்கு ஒரு கிலோவை ஒட்டிய, எந்த இடத்தில் விடுபட்டுச் சுடும் என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரிகிற ட்ரிகர் பொருத்தம். அதைவிட மெல்லியது, விரல் பழகாதவரிடம் தானாகவே விழுந்துவிடும்.

அடுத்தது குறிகளுக்கு இடையேயான தூரம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனெனில் இதற்கு வடிவொத்த முக்கோணங்களே போதும். பின்குறி என்பது ஒரு சிறு பள்ளம். முன்குறி என்பது குழலின் நுனியில் நிற்கும் ஒரு கட்டை. பள்ளத்தின் நடுவில் கட்டை நிற்க வேண்டும், இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குறிகளுக்கு இடையே 330 மி.மீ. உள்ள ஏர் பிஸ்டலில், முன்குறி ஒரு கேழ்வரகு மணியின் அகலத்துக்கு, ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், விலகினால் 10 மீட்டரில் ரவை 30 மி.மீ. தள்ளிப் படும். அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. 25 மீட்டரில் சுடும் .22-க்கு வருவோம்: குறிகளுக்கு இடையே 200 மி.மீ. இருந்தால் அதே விலகல் 125 மி.மீ. பிழையைத் தரும், 100 மி.மீ. மட்டுமே உள்ள குட்டைத் துப்பாக்கியில் கால் மீட்டர்! நேர்மாறாக, கை முழுவதும் சாயாமல் இணையாக 5 மி.மீ. நகர்ந்தால், எந்தத் தொலைவிலும் பிழை அதே 5 மி.மீ.தான். கை லேசாக ஆடுவதைக் கண்டு அஞ்சும் புதியவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தால் நிம்மதியடைவார்கள். ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், மணிக்கட்டு மடிவதைப் பொறுக்க முடியாது. கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கே கூர்மையாகக் குவியும் என்பதால், பார்வை முன்குறியில் நிலைத்து, இலக்கு மங்கலாகத் தெரிவதே சரியான காட்சி. பலூனையே உற்றுப் பார்த்துச் சுட்ட என் மருமகனுக்கு இதை நம்பவே நெடுநேரம் ஆயிற்று.

இவை அனைத்தையும் கூட்டிப் பார்க்கும்போது, .22-க்கும் முன்னால் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அரைக் கிராம் ரவை நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் போகும். ஒரு கிலோ துப்பாக்கியின் பின்னோட்டம் நொடிக்கு 8 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. உடல் பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. பலூன் கடையின் துப்பாக்கியில் உள்ளதுபோலச் சுருள்வில் தள்ளும் உந்துதண்டால் காற்றை அழுத்தும் வகையும் உண்டு. ஆனால் ரவை குழலை விட்டு வெளியேறும் முன்பே கனமான உந்துதண்டு பாய்ந்து துப்பாக்கியை உலுக்கிவிடும். போட்டி வகையில், வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் உருளையில் அடைத்த காற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் சிறிதளவே விடுவிக்கப்படுவதால் அந்த உலுக்கல் இல்லை. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டரில் வெண்கலம் வென்றது இத்தகைய ஏர் பிஸ்டலில். அதே போட்டிகளில் 25 மீட்டரில் நான்காம் இடம் பெற்றது .22-இல்.

சட்டமும் ஏறக்குறைய இதே வரிசையைத்தான் வற்புறுத்துகிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை; மேலே சொன்ன பிஸ்டலின் ஆற்றல் 6 ஜூலுக்குள் அடங்கும். .22 என்றால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதற்கு ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும், 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 9 மி.மீ. பாரபெல்லம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. எனவே மருமகன் கேட்ட "நல்ல பவர்" பெரும்பாலும் சட்டத்தின் வாசலிலேயே நின்றுவிடும். உரிமம் கிடைக்கும்வரை, பதிவு பெற்ற ரைஃபிள் சங்கத்தில் சங்கத்துக்குச் சொந்தமான துப்பாக்கியைப் பயிற்சியாளர் முன்னிலையில் சுட்டுப் பார்ப்பதே வழி. கைக்கு எது பொருந்துகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

நம் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களில் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த கள்ள நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவிப்பது பழைய கதை. "ஊருக்கு வெளியே கரடு இருக்கிறதே, பாறையில் அட்டையை ஒட்டிச் சுட்டுப் பழகலாம்" என்ற எண்ணம் அந்தப் பழக்கத்தின் மிச்சம். .22 குண்டு மென்மையான ஈயம். கருங்கல்லில் சாய்வாகப் பட்டால் நினையாத திசையில் தெறிக்கும். தடையின்றிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் விழும். சிறிய தோட்டா என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைக்க இடமில்லை. காற்றுத் துப்பாக்கியின் ரவையும் கண்ணைப் பறிக்கும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது.

மருமகன் இன்னும் எதையும் வாங்கவில்லை. ஏர் பிஸ்டல் போட்டியில் 75 நிமிடங்களில் 60 முறை கையை நீட்ட வேண்டும் என்று சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ அந்தப் பிஸ்டலின் எடைதான் என்பதால், அதைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, மாலையில் பாலக்கோட்டு வீட்டுத் திண்ணையில் நின்று பதினைந்து பதினைந்து நொடிகளாகத் தூக்கிப் பிடிக்கிறான். முதல் நாள் இருபதாவது முறையிலேயே தண்ணீரின் மேல்மட்டம் சாய்ந்து சாய்ந்து ஆடியது. சென்ற ஞாயிறு நாற்பது வரை எண்ணினேன்.