விரல் நுனியில் ஆக்சிஜனை அளக்கும் வெளிச்சம்

கொரோனா காலத்தில் பலரும் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர், மருத்துவக் கருவிகளை உருவாக்கும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்ற துறை எப்படி யோசிக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம். ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனோடு இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது.

கிளிப்பின் ஒரு பக்கம் இரண்டு எல்இடி விளக்குகள்: ஒன்று சிவப்பு (660 நானோமீட்டர்), மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (940). எதிர்ப்பக்கம் ஒளி உணரி. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜனை இறக்கிவிட்டது சிவப்பை அதிகம் உறிஞ்சும். சரி, விரலைத் தாண்டி வரும் இரண்டு ஒளியையும் ஒப்பிட்டால் போதுமா? போதாது. தோல், சதை, எலும்பு, இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தம் எல்லாமே வெளிச்சத்தை விழுங்குகின்றன. நமக்கு வேண்டியதோ இதயத்திலிருந்து ஆக்சிஜனைச் சுமந்து வரும் தமனி ரத்தம் மட்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது வேறொன்று: ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் வெளியேற்றுகிறது என்று அளப்பது. நாடித்துடிப்பு குறுக்கிட்டு அளவீட்டைக் கெடுத்தது. அதை நீக்க இரண்டு அலைநீளங்களைப் பயன்படுத்தினார். ஆனால் ஆக்சிஜன் அளவு மாறியதும் அந்தக் கழித்தல் பிசகியது. அப்படியானால் தொல்லை கொடுத்த துடிப்பிலேயே ஆக்சிஜன் கணக்கு இருக்கிறது! ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவது பெரும்பாலும் தமனி ரத்தம்தான். மற்றவை அப்படியே இருக்கும். ஆகவே, மாறும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டால் தமனி தனியாகக் கிடைத்துவிடும். 1974-ல் அவர் வேலை பார்த்த நிஹோன் கோடன் நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

அப்புறம் இன்னொரு வேலை பாக்கி. திசுக்களில் ஒளி சிதறுவதால், வெறும் சூத்திரத்தால் சதவீதத்தைக் கணக்கிட முடியாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, அதே நேரம் தமனி ரத்தத்தையும் பரிசோதித்து, இரண்டையும் பொருத்திய அட்டவணைதான் கருவிக்குள் இருக்கிறது. அவர்களை ஓரளவுக்கு மேல் ஆபத்தில் தள்ள முடியாது என்பதால், 70 சதவீதத்துக்குக் கீழே காட்டும் எண்ணை நம்ப முடியாது.

தோல் நிறமும் இந்தக் கணக்கைத் தொடுகிறது. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்த சந்தர்ப்பங்கள் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6. நம்மில் பலருக்கும் கருத்த தோல்தான். அதனால் மூச்சுத்திணறல் இருந்தால், கருவி 95 காட்டினாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.