கன்னத்துக்கும் குறிக்கும் நடுவே ஒரு மாகாணி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நண்பரின் துணிக்கடை. வியாபாரம் மந்தமான மதியம். துணி அளக்கும் இரும்புக் கம்பியைக் கன்னத்தில் அணைத்து, எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாண்ணே, சுடப் போறியா?" என்றான் கடைப் பையன். ஒரே வெடியில் சின்னச் சின்ன குண்டுகளை, அதாவது ரவையை, கூட்டமாகச் சிதறவிடும் துப்பாக்கிதான் ஷாட்கன். அது ஏன் குறி தவறுகிறது என்று புரிந்துகொள்ள அந்தக் கம்பியே போதும்.

ரைஃபிளில் குறிபார்க்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். ஷாட்கன்னில் பெரும்பாலும் குழல் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும்தான். பறக்கும் வட்டைச் சுடுகிறவருக்கு அதைக்கூட நின்று பார்க்க நேரமில்லை. அப்போ பின்குறி எங்கே? அவருடைய கண்தான். அந்தக் கண் எங்கே நிற்கும் என்பதைக் கன்னம் பதியும் மரக்கட்டை தீர்மானிக்கிறது. அதனால் குறியைத் திருத்துவது பாதி தச்சு வேலை.

கம்பி நுனியில் ஒரு புளியங்கொட்டையை ஒட்டி, அதைத் தொட்டியோடு பொருத்தினேன். பிறகு கன்னத்துக்கடியில் கைக்குட்டையை மடித்து வைத்து, மறுபடி பொருத்தினேன். எனக்கு எல்லாம் முன்போலவே தெரிந்தது. பக்கவாட்டில் நின்ற பையன்தான் கண்டுபிடித்தான்: "நுனி தூக்கினுகீதுண்ணே!" அதேதான். கண் உயர்ந்தால் ரவை மேலே போகும், தாழ்ந்தால் கீழே. கண் இடப்பக்கம் ஒதுங்கினால் ரவையும் இடப்பக்கம்.

எவ்வளவு விலகும்? துணிக்கடைக் கணக்குதான். கண்ணிலிருந்து குழல்வாய்க்கு ஏறக்குறைய ஒரு கெஜம். 16 கெஜம் தள்ளி ஒரு பெரிய தாளை வைத்து, நிதானித்துக் குறிபார்க்காமல், துப்பாக்கியைச் சட்டென்று தோளுக்குக் கொண்டுவந்து சில முறை சுட வேண்டும். ரவைக் கூட்டத்தின் நடு 1 அங்குலம் விலகியிருந்தால், கட்டையில் திருத்த வேண்டியது அதில் 16இல் ஒரு பங்கு. அந்தக் காலத்து வாய்ப்பாட்டில் மாகாணி. ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்!

இதையா பெரிதுபடுத்துவது என்று தோன்றலாம். ட்ராப் என்பது எறியப்பட்டு விலகிப் பறக்கும் களிமண் வட்டைச் சுடும் போட்டி. அந்த வட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். கண் 3 மில்லிமீட்டர் தவறினால் 35 கெஜத்தில் 105 மில்லிமீட்டர் தவறும். கிட்டத்தட்ட வட்டின் அகலமே போயிற்று. ரவை பரவிப் போவதால் கொஞ்சம் மன்னிப்பு உண்டு, ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் ரவை நெருக்கமாக இருக்காது.

போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் கன்னம் பதியும் பகுதியைத் தனியாக ஏற்றி இறக்கலாம். பழைய வால்நட் கட்டை என்றால் சூடேற்றி, மெதுவாக வளைத்து, இறுக்கிப் பிடித்து ஆறவிடுவார்கள். நீளமும் பொருந்த வேண்டும்: குட்டையானால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், நீண்டால் அக்குளில் சிக்கும். இதில் ட்ராப் மட்டும் ஒரு தனி ரகம். அங்கே வட்டு மேலேறிக்கொண்டே போவதால், வேண்டுமென்றே சற்று மேலே சுடும்படி கட்டையை அமைத்துக்கொள்வார்கள்.

குளிர்நாட்டில் தடித்த கோட்டு போட்டால் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே துணி ஏறி, கட்டை நீளமாகிவிடும். நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் பிரியாணி சாப்பிட்டுக் கன்னத்தில் சதை போட்டாலும் கண் இடம் மாறும். கட்டையை மறுபடி அளக்க வேண்டியதுதான்.